டீச்சர்ங்களோட டெக் ஸ்கில்லுக்கு எப்படி மார்க் போடறது? இன்கிரிமென்ட்டோட சேக்கலாமா?

வேளச்சேரி விபி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரி பக்கம் ஒரு தனியார் சிபிஎஸ்இ ஸ்கூல்ல வைஸ் பிரின்சிபாலா இருக்கேன், ஸ்கூல் பேர் வேணாம். போன வருஷம் ஆறாவதுல இருந்து மேல எல்லா கிளாஸ்லயும் இன்டராக்டிவ் பேனல் மாட்டினாங்க, நல்ல செலவு. இப்ப கரஸ்பாண்டன்ட் சார் என்ன சொல்றார்னா இவ்ளோ காசு போட்டிருக்கோம், டீச்சர்ஸ் எந்த அளவுக்கு யூஸ் பண்றாங்கன்னு மார்க் போட்டுக் குடுங்க, மார்ச் அப்ரைசல்ல டெக்னாலஜிக்குன்னு தனியா ஒரு பங்கு வெக்கலாம், இன்கிரிமென்ட்டும் அதை வெச்சுதான்னு. கூடவே ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒருத்தருக்கு 'டெக் லீடர்'னு பட்டம் குடுக்கணுமாம்.

பேனல் குடுத்த கம்பெனியே ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. எனக்கு பவர்பாயின்ட் தெரியும், கூகுள் ஃபார்ம் போடத் தெரியும், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் பண்ணுங்க, இப்படியே நீளமா போகுது. அதோட எந்த டீச்சர் எத்தனை மணி நேரம் லாகின்ல இருந்தாங்கன்னு ஒரு ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டைப் பாத்ததும் எனக்கு குழப்பமாயிடுச்சு. லிஸ்ட்ல முதல்ல நிக்கற சோஷியல் மிஸ் பீரியட் முழுக்க யூடியூப் வீடியோ ஓட விட்டுட்டு நோட்ஸ் கரெக்ஷன் பண்றாங்க, ரவுண்ட்ஸ் போறப்ப நானே பாத்திருக்கேன். கடைசில இருக்கற தமிழ் ஐயா பேனலைத் தொடறதே அபூர்வம், ஆனா அவர்தான் எல்லாருக்கும் முன்னாடி பழைய பாமினி வானவில் ஃபான்ட்டை எல்லாம் விட்டுட்டு தமிழ்99 கீபோர்டுல யூனிகோட்ல கேள்வித்தாள் அடிச்சு டிரைவ்ல போட்டு வெச்சவர், தமிழ் டிபார்ட்மென்ட் மொத்தமும் இப்ப அதுலதான் ஓடுது. ஃபார்ம்படி பாத்தா மிஸ்ஸுக்கு இன்கிரிமென்ட், ஐயாவுக்கு ட்ரெயினிங் க்ளாஸ்.

எனக்கு தெரிய வேண்டியது: இதுக்கு உருப்படியா ஏதாவது ஃப்ரேம்வொர்க் இருக்கா, காசோட சேக்கறது சரியா, லீடர்ஷிப்னு சொல்றாங்களே அதை எதை வெச்சுப் பாக்கறது. ரிட்டயர்மென்ட் கிட்ட இருக்கற சீனியர்ஸும் இருக்காங்க, அவங்க மனசு நோகாமவும் இருக்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கேபிள் கண்ணன் எழுதியது:

மேடம், நான் முன்னாடி ஓஎம்ஆர்ல ஐடில இருந்தேன், இப்ப ஸ்கூல் ஸ்கூலா போய் டீச்சர் ட்ரெயினிங் எடுக்கறேன். அந்த லாகின் ரிப்போர்ட்டை முதல்ல ஓரமா வெச்சிருங்க. அது கரன்ட் பில் மாதிரி, மீட்டர் ஓடினது தெரியும், உள்ள சமைச்சாங்களா டிவி பாத்தாங்களான்னு தெரியாது. அதுக்கு மார்க்னு தெரிஞ்சா அடுத்த மாசமே எல்லாரும் காலைல பேனலை ஆன் பண்ணிட்டு சாயங்காலம் வரைக்கும் விட்டுருவாங்க, உங்க ரிப்போர்ட்ல எல்லாரும் சூப்பர் டீச்சர்.

ஃப்ரேம்வொர்க் நிறைய இருக்கு. யுனெஸ்கோ ஒண்ணு வெச்சிருக்கு, 2008ல முதல்ல வந்து 2011லயும் 2018லயும் திருத்தினாங்க. ஆறு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் மூணு படி, ஆக மொத்தம் 18 திறன். அந்த ஆறுல டிஜிட்டல் ஸ்கில்லுங்கறது ஒண்ணே ஒண்ணுதான்ங்கறதை கவனிங்க, மிச்சமெல்லாம் பாடத்திட்டம் தேர்வு, கற்பிக்கற முறை, நிர்வாகம், கொள்கை, டீச்சர் தான் எப்படி தொடர்ந்து கத்துக்கறாங்க, இதுங்கதான். உங்க கம்பெனி ஃபார்ம் அந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு பக்கம் பக்கமா போயிருக்கு. அமெரிக்கால ஐஎஸ்டிஇன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க 2017ல டீச்சர்ஸுக்கு போட்ட ஸ்டாண்டர்ட்ஸ்ல ஏழு ரோல் சொல்றாங்க, கத்துக்கறவர், லீடர், பொறுப்புள்ள குடிமகன், சேர்ந்து வேலை செய்யறவர், பாடத்தை வடிவமைக்கறவர், வழி நடத்தறவர், தரவைப் பாத்து புரிஞ்சுக்கறவர்னு. அதுல எங்கயுமே பவர்பாயின்ட் தெரியுமான்னு ஒரு வரி கிடையாது.

எனக்கு ரொம்ப உதவினது டிபேக்னு ஒரு மாடல், 2006ல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் சேந்து சொன்னது. அதுக்கு முன்னாடியே 1986ல லீ ஷுல்மன்னு ஒருத்தர் சொல்லிட்டார், பாடம் தெரியறது வேற, சொல்லிக் குடுக்கத் தெரியறது வேற, அந்தப் பாடத்தை எப்படி சொன்னா புள்ளைங்களுக்குப் புரியும்னு தெரியறது மூணாவதா ஒரு தனி அறிவுன்னு. இவங்க அதோட டெக்னாலஜியை சேத்தாங்க. அதாவது ஜியோஜீப்ரா, கணக்குப் படமெல்லாம் வரைஞ்சு இழுத்துக் காட்டற சாஃப்ட்வேர், அது தெரியறது ஒரு விஷயமே இல்ல, வட்டத்தோட தொடுகோடு நடத்தறப்ப எந்த இடத்துல புள்ளைங்க தடுமாறுவாங்க, அந்த இடத்துல ஜியோஜீப்ராவுல எதை இழுத்துக் காட்டினா தெளியும், அது தெரியறதுதான் விஷயம். இதுல இருந்து உங்களுக்கு நேரா ஒரு பதில் வருது பாருங்க, கம்ப்யூட்டர் மிஸ்ஸை அனுப்பி தமிழ் ஐயா கிளாஸை மதிப்பிட வெக்கக் கூடாது. பாக்கப் போறவருக்கு அந்தப் பாடம் தெரிஞ்சிருக்கணும்.

எஸ்ஏஎம்ஆர்னும் ஒண்ணு சொல்லுவாங்க, ரூபன் புவென்டெடுராங்கறவர் குடுத்தது, நாலு படி. பழைய வேலையை அப்படியே புது சாமான்ல செய்யறது கீழ்ப்படி, அந்த சாமான் இல்லாம நினைச்சே பாக்க முடியாத வேலை மேல்படி. பேச்சுக்கு நல்லா இருக்கும், மார்க் போட வேணாம், ஏன்னா எல்லாரும் எப்பவும் மேல்படிலயே நிக்கணும்னு எடுத்துக்கறாங்க. கரும்பலகைல மூணு நிமிஷத்துல முடியற படத்துக்கு எதுக்கு அனிமேஷன்.

ஒண்ணுல இருந்து அஞ்சு டிக் பண்ற ஃபார்ம் பத்தி கடைசியா ஒண்ணு. தனக்குத் தானே மார்க் போட்டா கம்மியா தெரிஞ்சவங்க ஏத்திப் போடுவாங்க, நல்லா தெரிஞ்சவங்க கொஞ்சம் இறக்கிப் போடுவாங்க, க்ரூகரும் டன்னிங்கும் 1999லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. காசு சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம், எல்லாம் அஞ்சு அஞ்சுதான்.


மாநகராட்சி மிஸ் எழுதியது:

நான் வடசென்னைல மாநகராட்சி ஸ்கூல்ல மிடில் கிளாஸ் எடுக்கறேன். தனியார் ஸ்கூல் கதை எனக்குத் தெரியாது, ஆனா மதிப்பீடுன்னதும் கை அரிக்குது அதான் எழுதறேன்.

எங்க பக்கம் டெக்னாலஜின்னாலே பாதி எமிஸ்தான், ஸ்கூல் விவரமெல்லாம் அரசுக்கு ஏத்தற ஆப். அட்டென்டன்ஸ், நலத்திட்டம், ஹெல்த், ஆதார், எல்லாம் போன்ல ஏத்தணும், சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும், நாங்க சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடுவோம். இதை டக்குனு முடிக்கற டீச்சரை 'டெக்னாலஜில கில்லாடி'ம்பாங்க, அவங்க வேகத்தைக் குறை சொல்லல, ஆனா அது க்ளார்க் வேலை, கற்பிக்கறதுல சேராது. ரெண்டையும் ஒரே மார்க்ல போட்டு கலக்காதீங்க மேடம். உங்க ஸ்கூல்லயும் ஈஆர்பி ஆப்னு ஒண்ணு இருக்கும், ஹோம்வொர்க் ஏத்தினாங்களா ரிமார்க்ஸ் போட்டாங்களான்னு, அதையும் 'டெக் ஸ்கில்'னு எழுதிடுவாங்க, ஜாக்கிரதை.

அடுத்தது சர்டிஃபிகேட். டீச்சர்ஸ் ஆன்லைன்ல கோர்ஸ் படிக்கற தீக்ஷா தளம் 2017ல வந்துச்சு, நிஷ்டாங்கற மத்திய அரசு டீச்சர் ட்ரெயினிங் 2019ல, புதிய கல்விக் கொள்கை வருஷத்துக்கு 50 மணி நேரம் ட்ரெயினிங்னு சொல்லுது, சிபிஎஸ்இலயும் அதேதான். நல்ல கோர்ஸும் அதுல இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், பின்னம் நடத்தறதுக்கு ஒரு கோர்ஸ்ல எடுத்த ஐடியாவை நான் இன்னும் யூஸ் பண்றேன். ஆனா வீடியோவை ம்யூட்ல ஓட விட்டுட்டு அரிசி களையறவங்களையும் பாத்திருக்கேன், அவங்களுக்கும் சர்டிஃபிகேட் வந்துரும். அதனால எத்தனை சர்டிஃபிகேட்னு எண்ணாதீங்க. "இதுல இருந்து எதை கிளாஸ்ல செஞ்சு பாத்தீங்க, எது ஓடல"ன்னு கேளுங்க, அரை பக்கம் எழுதச் சொல்லுங்க, போதும். 'எது ஓடல'ங்கறதுக்கு பதில் எழுதத் தெரிஞ்சவங்க நிஜமாவே செஞ்சிருப்பாங்க, வீடியோ ஓட விட்டவங்களுக்கு அந்த இடத்துலதான் பேனா நிக்கும்.

லீடர் யார்னு கேட்டீங்க. அதுக்கு ஃபார்மே வேணாம். எல்லா டீச்சர்கிட்டயும் தனித்தனியா ஒரே கேள்வி, "க்ளாஸ்ல ப்ரொஜெக்டரோ ஆப்போ மாட்டிக்கிச்சுன்னா, இல்ல இந்தப் பாடத்தை எப்படிக் காட்டலாம்னு யோசனை வேணும்னா யார்கிட்ட போவீங்க, ரெண்டு பேர் சொல்லுங்க". எந்தப் பேர் திரும்பத் திரும்ப வருதோ அவங்கதான் லீடர், ஹெச்எம் பட்டம் குடுத்தாலும் குடுக்காட்டியும். எங்க ஸ்கூல்ல அப்படிக் கேட்டா வர்ற பேர் ஒரு பிடி டீச்சரோடது, நம்புவீங்களா, விளையாட்டுப் பீரியட்ல போன்ல ஸ்லோமோஷன்ல லாங்ஜம்ப் எடுத்து புள்ளைங்களுக்கே போட்டுக் காட்டுவாங்க, அதைப் பாத்துதான் நாங்களே வீடியோ எடுக்க ஆரம்பிச்சோம். அவங்களுக்கு எந்த கம்ப்யூட்டர் கோர்ஸும் கிடையாது.


பெரம்பூர் பிசிக்ஸ் எழுதியது:

நான் அந்த 'ரிட்டயர்மென்ட் கிட்ட இருக்கற சீனியர்' ரகம், அதனால நேராவே பேசறேன், கோச்சுக்காதீங்க.

மனசு நோகாமன்னு எழுதினீங்க, எங்களுக்கு மார்க்னால நோகறதில்ல மேடம், யார் போடறாங்கங்கறதுலதான் நோகும். ஒருதடவை எங்க ஸ்கூலுக்கு வெளில இருந்து வந்து க்ளாஸ் பாத்த ஒருத்தர், நான் நூல்ல குண்டு கட்டி ஊசல் ஆட விட்டு புள்ளைங்களையே ஸ்டாப்வாட்ச் பிடிக்க வெச்சேன், அதுக்கு "டெக்னாலஜி யூஸ்: இல்லை"ன்னு எழுதிட்டுப் போனார். அடுத்த ரூம்ல பிஹெச்இடி சிமுலேஷன்ல ஊசலை ஸ்க்ரீன்ல ஆட விட்டாங்க, அதுக்கு ஃபுல் மார்க். அந்த பிஹெச்இடி அருமையான சாமான், கொலராடோ யுனிவர்சிட்டில நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, தமிழ்லயும் சிலது இருக்கு, நானே மின்சுற்று நடத்தறப்ப அதைத்தான் போடுவேன், ஏன்னா எலக்ட்ரான் ஓடறதை லேப்ல காட்ட முடியாது. ஆனா கையால ஆட்டிப் பாக்க முடியற ஊசலை எதுக்கு ஸ்க்ரீன்ல பாக்கணும். எங்க யூஸ் பண்ணக் கூடாதுன்னு தெரியறதும் ஸ்கில்தான், உங்க ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?

இன்னொண்ணு. மதிப்பீடு மேல இருந்து கீழ மட்டும் வருது. கண்ணன் சார் சொன்ன அதே ஐஎஸ்டிஇ 2018ல ஸ்கூல் தலைமைக்குன்னு தனியா ஸ்டாண்டர்ட்ஸ் போட்டுச்சு, எல்லா புள்ளைக்கும் வசதி போய்ச் சேருதா, டீச்சருக்கு செஞ்சு பாக்க தைரியமும் நேரமும் குடுக்கறாங்களா, நெட்வொர்க் சாதனம் எல்லாம் தாங்குதா, தலைமையே புதுசா கத்துக்குதா, இதெல்லாம் அதுல வருது. அதை கரஸ்பாண்டன்ட்டுக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன். மூணாவது மாடில வைஃபை கிடையாது, பேனல் ரிமோட் ஆபீஸ் ரூம் பீரோல பூட்டி இருக்கு, ஹெச்டிஎம்ஐ வயர் வேணும்னா ஸ்டோர்ல லெட்டர் குடுக்கணும், ஒரு பீரியட் 40 நிமிஷம், அதுல பேனல் ஸ்டார்ட் ஆகி அப்டேட் கேட்டு முடிக்கவே கால்வாசி போயிடும், இதுக்கு நடுவுல டீச்சரோட டெக்னாலஜி ஸ்கில் கம்மின்னு மார்க். டீச்சருக்கு மார்க் போடறதுக்கு முன்னாடி ரூமுக்கு மார்க் போடுங்க.

இன்கிரிமென்ட்டோட சேக்கவே கூடாது. சேத்தா எவனும் புதுசா எதையும் முயற்சி பண்ண மாட்டான், அப்சர்வேஷன் அன்னைக்குன்னு ஒரு ஷோ பாடம் ரெடி பண்ணி வெச்சு அதையே வருஷா வருஷம் ஓட்டுவான்.


சிஎஸ் டீச்சர் எழுதியது:

பிசிக்ஸ் சார் மேல மரியாதையோட சொல்றேன், எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர், அண்ணா நகர் பக்கம். எங்க ஸ்கூல்ல டெக் லீடர்னு எனக்கு பட்டம் குடுத்தாங்க, அசெம்ப்ளில கை தட்டினாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் ரிப்போர்ட் கார்டு டெம்ப்ளேட் நான், ஆனுவல் டே லைவ் நான், ப்ரின்ட்டர் பேப்பர் மாட்டினா நான், பத்தாவது மேத்ஸ் சாருக்கு ஜூம் பாஸ்வேர்டு மறந்தா ராத்திரி பத்து மணிக்கு போன் எனக்கு. பீரியட் ஒண்ணு கூட குறையல. இதுல காசை சேக்கக் கூடாதுன்னா எனக்கு என்ன கிடைக்கும், கை தட்டல்தானா? கத்துக்கிட்டவங்களுக்கும் கத்துக்க மாட்டேன்னு உக்காந்திருக்கறவங்களுக்கும் ஒரே சம்பளம்னா எதுக்கு ஒருத்தர் மெனக்கெடணும். கொரோனா சமயத்துல ரெண்டு வாரத்துல எல்லாரும் ஆன்லைன் க்ளாஸ் கத்துக்கலையா, வேலை போயிடும்ங்கற பயம்தானே.

லாகின் மணி தப்பு, ஒத்துக்கறேன். அதுக்காக அளக்கவே வேணாம்னு போயிட முடியாது. எதையாவது அளந்து அதுக்கு ஏதாவது குடுங்க.


ரெண்டு புள்ளைங்க அம்மா எழுதியது:

டீச்சர் இல்ல, பேரன்ட். இங்க பேசறது என் புள்ளைங்களைப் பத்தினதாலயும் நடுவுல மூக்கை நீட்டறேன்.

எங்களுக்கு தெரியற டெக் ஸ்கில் எதுன்னா மழை லீவு அன்னைக்கு வெளிச்சத்துக்கு வரும். காலைல கலெக்டர் லீவு விடுவார், உடனே ஸ்கூல் குரூப்ல ஆன்லைன் க்ளாஸ்னு லிங்க் வரும். எங்க ஏரியால அன்னைக்கு கரன்ட்டே இருக்காது, தண்ணி தெருவுல, போன் சார்ஜ் பாதி. சில டீச்சர்ஸ் அப்பவும் கேமரா ஆன் பண்ணு அட்டென்டன்ஸ் எடுக்கணும்பாங்க. பெரியவனோட பயாலஜி மிஸ் மட்டும் அஞ்சு நிமிஷ ஆடியோ ஒண்ணு, புக்ல ரெண்டு பக்கம், ஒரு கேள்வி, எப்ப முடியுதோ அப்ப போட்டோ எடுத்து அனுப்புன்னு வாட்ஸ்அப்ல விட்டாங்க, பையன் ரெண்டு நாள் கழிச்சு கரன்ட் வந்ததும் செஞ்சான். என்னைக் கேட்டா அவங்களுக்குத்தான் முதல் மார்க்.

அப்புறம் எங்க புள்ளைங்க போட்டோ, மார்க் லிஸ்ட் எல்லாம் குரூப்ல போட்டுடறாங்க. 2023ல டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்திருக்கு, 18 வயசுக்குக் கீழ எல்லாரும் அதுல குழந்தைதான், அப்பா அம்மா ஒப்புதல் வாங்கணும்னு இருக்கு. இது தெரியுமான்னும் உங்க ஃபார்ம்ல ஒரு கேள்வி வைங்க மேடம், ஏதோ ஒரு ஆப்ல புள்ளைங்க பேர் பிறந்த தேதி போட்டு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி.


வேளச்சேரி விபி எழுதியது:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, நன்றி. பிசிக்ஸ் சார், ரிமோட் பூட்டி வெக்கறது எங்க ஸ்கூல்லயும் உண்டு, எப்படித்தான் தெரிஞ்சுதோ. அம்மா சொன்ன மழை லீவு விஷயத்தை ஸ்டாஃப் மீட்டிங்ல அப்படியே சொல்லப் போறேன்.

ஆனா நான் கரஸ்பாண்டன்ட் முன்னாடி போய் 'அளக்க முடியாது சார்'னு நிக்க முடியாது, அவர் பிசினஸ்ல இருந்து வந்தவர், ஒரு தாள்ல ஏதாவது இருக்கணும். க்ளாஸ்ல போய் உக்காந்தா எதை எழுதறதுன்னு சொல்லுங்களேன். கண்ணன் சார் நீங்க பாக்கறப்ப என்ன எழுதுவீங்க?


கேபிள் கண்ணன் எழுதியது:

நான் டீச்சரைப் பாக்கறதில்ல மேடம், புள்ளைங்களைத்தான் பாப்பேன். பின் பெஞ்சுல உக்காந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, இப்ப புள்ளைங்க என்ன செய்யறாங்கன்னு ஒரு வரி. பாக்கறாங்க, காப்பி பண்றாங்க, பக்கத்துப் பையனோட வாதம் பண்றாங்க, எதையோ உருவாக்கறாங்க, தூங்கறாங்க. அந்த நேரம் பேனல்ல என்ன இருக்குன்னு பக்கத்துலயே இன்னொரு வரி. 40 நிமிஷம் முடிஞ்சா எட்டு வரி இருக்கும், அதைப் பாத்தாலே கதை தெரிஞ்சிரும். உங்க சோஷியல் மிஸ்ஸுக்கு எட்டு வரியும் 'பாக்கறாங்க'ன்னு வரும், நீங்க ஒரு வார்த்தை விமர்சனம் பண்ண வேணாம், தாளை அவங்ககிட்டயே குடுத்து "இதுல நீங்க எதை மாத்துவீங்க"ன்னு மட்டும் கேளுங்க. நான் அந்தக் கேள்வியை கேட்டதுல பெரும்பாலான டீச்சர் அந்த இடத்துலயே வழி சொல்லிடுவாங்க, வீடியோவை மூணு இடத்துல நிறுத்தி கேள்வி கேக்கலாம் சார்னு. அவங்களுக்குத் தெரியாம இல்ல, கரெக்ஷன் வேலை தலைக்கு மேல நிக்குது.

க்ளாஸ் முடிஞ்சதும் ரெண்டு கேள்வி மட்டும் கேப்பேன். இந்த இடத்துல ஏன் இதை யூஸ் பண்ணீங்க, இல்ல ஏன் யூஸ் பண்ணல. இது ஓடாம போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க. பிசிக்ஸ் சார் ஊசலுக்கு முதல் கேள்விலயே ஃபுல் மார்க் வந்திருக்கும்.

படி வெக்கணும்னா நம்பர் வேணாம், வாக்கியமா எழுதுங்க. 'டீச்சர் மட்டும் யூஸ் பண்றார், புள்ளைங்க பாக்கறாங்க'. 'புள்ளைங்க பதில் சொல்ல, பயிற்சி பண்ண யூஸ் பண்றாங்க, டீச்சர் அந்த பதிலைப் பாத்து பாடத்தை மாத்தறார்'. 'புள்ளைங்க தாங்களே எதையாவது கண்டுபிடிக்க, உருவாக்க யூஸ் பண்றாங்க'. 'அடுத்த டீச்சரும் அதே மாதிரி செய்ய உதவியிருக்கார்'. நடுவுல அந்த 'பதிலைப் பாத்து பாடத்தை மாத்தறார்'ங்கறதுதான் ரொம்ப முக்கியம், நிறைய பேர் கூகுள் ஃபார்ம்ல க்விஸ் வெப்பாங்க, ரிசல்ட்டை திறந்தே பாக்க மாட்டாங்க. முப்பது பேர்ல இருபது பேர் ஒரே தப்பான ஆப்ஷனை போட்டிருந்தா நாளைக்கு அங்கதானே ஆரம்பிக்கணும்.

ஒருத்தரே போய் பாக்கக் கூடாது, ரெண்டு பேர், அதுல ஒருத்தர் அதே சப்ஜெக்ட். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரே க்ளாஸை தனித்தனியா பாத்து எழுதி ஒப்பிட்டுப் பாருங்க, எவ்ளோ வித்தியாசம் வருதுன்னு பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும், அதை சரி பண்ணிட்டு அப்புறம் மத்தவங்க க்ளாஸுக்கு போங்க. ஒரே ஒரு தடவை பாத்துட்டு முடிவு எழுதவும் கூடாது, வருஷத்துல மூணு தடவையாவது, அதுல ஒண்ணு டீச்சரே கூப்பிட்ட க்ளாஸ்.

அந்த டிக் பண்ற ஃபார்மை தூக்கிப் போட வேணாம், பேர் இல்லாம வாங்குங்க. யாருக்கு எவ்ளோங்கறது வேணாம், எந்த ட்ரெயினிங் வெக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும். பேர் இல்லன்னா உண்மையை எழுதுவாங்க.


பெரம்பூர் பிசிக்ஸ் எழுதியது:

கண்ணன் எழுதினது நியாயம். டீச்சரே கூப்பிடற க்ளாஸ்ங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, ஓடாம போன பாடத்துக்குக் கூட கூப்பிடலாம்னு சொல்லுங்க, அப்பதான் ஷோ காட்டறது போகும்.

சிஎஸ் டீச்சர், நீங்க சொன்னதை நான் ரெண்டா பிரிக்கறேன். ராத்திரி பத்து மணிக்கு பாஸ்வேர்டு மாத்தித் தர்றது வேலை, அதுக்கு கூலி வேணும், சந்தேகமே இல்ல, அலவன்ஸா கேளுங்க. ஆனா உங்க அலவன்ஸ்க்கும் தமிழ் ஐயாவோட இன்கிரிமென்ட்டை நிறுத்தறதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்களுக்கு குடுக்கறதுக்காக அவர்கிட்ட இருந்து எடுக்கணுமா? கொரோனால பயந்து கத்துக்கிட்டோம்னீங்க, சரி, என்ன கத்துக்கிட்டோம், பிடிஎஃப்பை ஷேர் பண்ணி வரி வரியா படிக்கக் கத்துக்கிட்டோம், பயத்துல அவ்ளோதான் வரும்.


சிஎஸ் டீச்சர் எழுதியது:

பிடிஎஃப் படிச்சது உண்மைதான் சார், மறுக்க மாட்டேன். அலவன்ஸ்னா எனக்கு ஓகே. ஆனா சுத்தமா ஒண்ணுமே செய்யாதவங்களை என்ன பண்றதுங்கறதுக்கு நீங்க யாருமே பதில் சொல்லல.


மாநகராட்சி மிஸ் எழுதியது:

நான் சொல்றேன். எங்க ப்ளாக்ல ஒரு பிஆர்டிஇ மேடம், அதாவது ஸ்கூல் ஸ்கூலா வந்து டீச்சர்ஸுக்கு உதவற வட்டார ஆசிரியர் பயிற்றுநர், இருந்தாங்க, அந்த மாதிரி டீச்சர்கிட்ட போய் "உங்களுக்கு வாரத்துல ரொம்ப கடுப்பா இருக்கற வேலை எது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஒருத்தர் சொன்னார், ஒரே கேள்வித்தாளை ரெண்டு செட்டா எழுதறதுன்னு. அதை மட்டும் போன்ல எப்படி சுலபமா பண்றதுன்னு காட்டிட்டு போயிட்டாங்க, வேற ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவை வந்தப்ப அந்த சார் தானா க்யூஆர் கோட் பத்தி கேட்டார், 2018ல புது புக்ல வந்த நாள்ல இருந்து அவர் அதைத் தொட்டதே இல்ல. எல்லாரும் இப்படி மாறுவாங்கன்னு சொல்ல மாட்டேன். மாறாதவங்க சில பேர் இருப்பாங்க, அவங்ககிட்ட பாடம் நல்லா நடக்குதான்னு மட்டும் பாருங்க, நடந்தா விட்டுடுங்க. பாடமும் நடக்கலன்னா அது டெக்னாலஜி பிரச்சினையே இல்லையே, அதை வேற ஃபைல்ல பேசணும்.


வேளச்சேரி விபி எழுதியது:

நேத்து கரஸ்பாண்டன்ட் சாரைப் பாத்துட்டேன். முதல்ல லாகின் ரிப்போர்ட்டைக் காமிச்சு, அப்புறம் சோஷியல் மிஸ் க்ளாஸும் தமிழ் ஐயா க்ளாஸும் அவரையே பின் பெஞ்சுல உக்கார வெச்சு அந்த எட்டு வரியை எழுத வெச்சேன். மிஸ் க்ளாஸ்ல நாலு வரியோட பேனாவை மூடிட்டார். இந்த வருஷம் இன்கிரிமென்ட்ல சேக்கலன்னு ஒத்துக்கிட்டார், அடுத்த வருஷம் பாக்கலாம்னு ஒரு கொக்கி போட்டிருக்கார், அது அப்ப. ரூம் லிஸ்ட்டும் எடுத்தாச்சு, மூணு ரூம்ல நெட் இல்ல, ஒரு பேனல் டச்சே வேலை செய்யல, கம்ப்ளெயின்ட் எழுதி மாசமாகுது. யார்கிட்ட போவீங்கன்னு கேட்டதுல ஐயா பேர்தான் அதிகமா வந்துச்சு, அடுத்ததா லைப்ரரி மேடம், நான் நினைச்சே பாக்காத பேர்.

இப்ப லீடர்ங்கறவங்களுக்கு காசா பீரியட் குறைப்பான்னு கேக்கறார், ஏதாவது ஒண்ணுதானாம். ஐயாகிட்ட கேட்டேன், அவர் ரெண்டும் வேணாம்மா, ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டின கீபோர்டு நாலு வாங்கிக் குடுங்கன்னுட்டார். அது தனியா வாங்கிக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க சிஎஸ் டீச்சர், எதைக் கேக்கட்டும்?


சிஎஸ் டீச்சர் எழுதியது:

பீரியட் மேடம், யோசிக்கவே வேணாம். காசு குடுத்தா அதைச் சொல்லியே இன்னும் நாலு வேலை தலைல கட்டுவாங்க. வாரத்துல நாலு பீரியட் ஃப்ரீ, டைம்டேபிள்லயே 'டெக் சப்போர்ட்'னு அச்சடிச்சு, அந்த நேரத்துல சப்ஸ்டிட்யூஷன் போடக் கூடாதுன்னு எழுத்துல வாங்கிடுங்க. எழுத்துல இல்லன்னா முதல் வாரமே ஒம்பதாம் க்ளாஸுக்கு அனுப்பிருவாங்க.